கிள்ளக் கூடாத இலை

அந்தக் கோடையில் திண்டுக்கல்லில் குடிதண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தது. குழாயடியில் குடமும் குடமும் மோதின. குடம் பிடித்த கைகளும் மோதின. மனிதர்கள் குளிக்காமல் வேலைக்குப் போனார்கள். ஆனால் கைப்பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மட்டும் தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது. தொட்டிக்குள் ஒரு செடி. வாள் மாதிரி நாலைந்து இலை. இலைக்கு மஞ்சள், இலைக்குக் குங்குமம், இலைக்குச் சாம்பிராணி. கிறிஸ்தவர் வீடென்றால் இலைக்கு ஒரு ஜெபமாலை.

செடி அகரத்திலிருந்து வந்தது. கொடுத்தவர் இலைச்சித்தர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அகரம் போகும் பேருந்தில் படிக்கட்டில்கூட இடமில்லை. பூசை முடிந்த கையோடு வந்தவர்கள், பூசைக்கே போகாமல் வந்தவர்கள், முருகனிடம் அனுமதி கேட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். "பேர் சொல்லாததுக்கு ரெண்டு" என்று டிக்கெட் கேட்டார்கள். கண்டக்டரும் பெயர் கேட்காமல் கிழித்துக் கொடுத்தார்.

பெயர் வசம்பு. இதோ, அச்சில் ஏறிவிட்டது. காகிதம் தீப்பிடிக்கவில்லை.

பிள்ளை பிறந்தால் வசம்பைத் துண்டு போட்டு நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். கண்ணேறு அண்டாதாம். ஆனால் அதன் பெயரை மட்டும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் குணம் போய்விடும். நாட்டு மருந்துக் கடையில் போய் நின்று "அது குடுங்க" என்பார்கள். கடைக்காரர் "எது?" என்று கேட்கமாட்டார். எடுத்து மடித்துக் கொடுப்பார். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்த வியாபாரத்தில் ஏமாந்தவர் யாரும் இல்லை, ஏனென்றால் கொடுத்தவருக்கு அது தெரிந்திருந்தது.

இலைச்சித்தர் இதில் ஒரு பெரிய வசதியைக் கண்டார். பெயர் சொல்லக் கூடாத பொருளை விற்றால், வாங்குகிறவன் "இது அதுதானா?" என்று எப்படிக் கேட்பான்?

சித்தருக்கு ஐம்பது வயது இருக்கும். தாடி, காவி வேட்டி. கழுத்தில் உருத்திராட்சம், அதற்கு மேல் மரச்சிலுவை, அதற்கும் மேல் பச்சை நூலில் ஒரு தாயத்து. எந்தக் கடவுளும் கோபித்துக்கொள்ள முடியாது. எல்லாருக்கும் கழுத்தில் பங்கு கொடுத்திருந்தார். தென்னந்தோப்பில் கீற்றுக் கொட்டகை போட்டு, பலகைமேல் உட்கார்ந்து, பிள்ளையின் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு, தொட்டியைக் கையில் கொடுப்பார். அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையும் செடியும் ஓருயிர். இலை பச்சையாக இருந்தால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் தொட்டித் தண்ணீரில் ஒரு கரண்டி பிள்ளையின் நாக்கில் விட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செடியைத் தூக்கி வந்து மணம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மணம் ஏற்றக் காணிக்கை தனி. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: இலையைக் கிள்ளக் கூடாது. கிள்ளினால் பிள்ளைக்கு வலிக்கும்.

பெற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். எந்தத் தாய் கிள்ளுவாள்?

நாகல் நகரில் ரொனால்டு வீட்டுக்கு அந்தத் தொட்டி வந்தது சித்திரைக் கடைசியில். ரொனால்டு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்காமல் ஒரு விடைக்கும் மதிப்பெண் போடாதவர். ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பெண் ஸ்டெபி. எட்டு மாதம். அவள் தும்மினால் ரொனால்டுக்கு மூச்சு நிற்கும். பயந்தவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவனும் தன்னிடம் கேட்டுக்கொள்வதில்லை.

அந்த வீட்டில் இன்னொரு தொட்டியும் இருந்தது. அதுதான் வேடிக்கை.

ரொனால்டின் மனைவி டெய்சி. டெய்சியின் தங்கை கிளாரா அவர்களோடுதான் இருந்தாள். தாவரவியல் படித்துவிட்டு, செம்பட்டியில் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை. வாய் திறந்து பேசுவதைவிட மண்ணைக் கிளறுவது அவளுக்குச் சுலபம். பேருந்தில் மீதிச் சில்லறை வாங்காமலே இறங்கிவிடுகிற பெண். கல்லூரித் தோட்டத்திலிருந்து மூன்று கிழங்குத் துண்டுகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, கொல்லைப்புறத்தில் ஓட்டைச் சிமெண்டுத் தொட்டியை அடைத்து, சேறு நிரப்பி, வசம்பு வளர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி அந்தக் கோடையிலும் காப்பாற்றியிருந்தாள்.

ரொனால்டு புதுத் தொட்டியைக் கூடத்தில் வைத்தார். கிளாரா குனிந்து பார்த்தாள். பார்த்ததில் அவளுக்கு மூன்று விஷயம் தோன்றியது. வசம்பு இலையில் நடுநரம்பு மேடாக, சற்று ஒதுங்கி ஓடும். விரலால் தடவினாலே தெரியும். இதில் நரம்பே இல்லை, ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் உப்பல். வசம்பு இலையின் ஓரம் ஓரிடத்தில் பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கும். இது கத்தி மாதிரி நேர். மூன்றாவது, மணம். அதுதான் பெரிய சந்தேகம். தொட்டியை வைத்த இடத்திலிருந்து கூடம் முழுக்க மணந்தது. வசம்புச் செடி அப்படி மணக்காது. அது கூச்ச சுபாவம். கசக்கினால்தான் மணக்கும்.

மூன்றையும் சொல்ல நினைத்தாள். ஒன்றுதான் வெளியே வந்தது.

"அத்தான், ஒரு இலையைக் கிள்ளி மோந்து பாருங்க."

ரொனால்டு இரண்டு கையையும் விரித்துத் தொட்டியை மறைத்துக்கொண்டார். பேருந்து மோத வந்ததுபோல இருந்தது அவர் முகம். பிறகு சிரித்து, கொல்லைப்புறத் தொட்டியைக் காட்டி, "ஒன் செடி ஒரு வருசமா நிக்குது. என்னைக்காச்சும் மணந்திருக்கா? இது வந்து அஞ்சு நிமிசம் ஆகல, வீடே மணக்குது. எது அசல்னு நீயே சொல்லு" என்றார்.

கிளாரா கொல்லைப்புறம் போய்விட்டாள்.

செடி வளர்ந்தது. அப்படி ஒரு வளர்ச்சி. ரொனால்டு தினமும் காலையில் ஸ்கேல் வைத்து இலையை அளந்தார். வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். எக்ஸ் அச்சில் நாள், ஒய் அச்சில் சென்டிமீட்டர். கோடு ஏணி மாதிரி ஏறியது. கோடை விடுமுறையிலும் மற்ற வாத்தியார்களின் வீடு தேடிப்போய்க் காட்டினார். அவர்களில் இரண்டு பேர் அந்த வாரமே அகரம் போனார்கள். கல்வி பரவியது.

வைகாசி முதல் வாரத்தில் ஸ்டெபிக்கு வயிற்றுப்போக்கு. முதல் நாள் நாலு தடவை. பல் முளைக்கிறது என்றார்கள். இரண்டாம் நாள் ஏழு தடவை. பிள்ளை சிணுங்கி, பாலைத் துப்பி, கையில் பிடித்த கிலுகிலுப்பையைக் கீழே விட்டது. அன்றைய வரைபடத்தில் இலை ஒன்றே கால் சென்டிமீட்டர் ஏறியிருந்தது. ரொனால்டு கோட்டைக் காட்டி, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், உடம்பு கெட்டதைக் கழிக்கிறது என்று சாதித்தார். செடி கொழுத்தது, பிள்ளை மெலிந்தது. வாத்தியார் செடிக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று காலையில்தான் கிளாரா அந்தக் கரண்டியைப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பில் வெள்ளிக் கரண்டி. தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போடும் கொசுப்புழுக்கள். அந்தத் தண்ணீரைத் தினமும் பிள்ளைக்குக் கொடுப்பது யாரென்று கேட்டாள். டெய்சி தலையைக் குனிந்தாள். ரொனால்டு வரைபடத்தை மடித்தார்.

கிளாரா கரண்டியைத் தூக்கிச் சாக்கடையில் போட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கலக்கி, ஸ்டெபியை மடியில் போட்டு ஒவ்வொரு சொட்டாகக் கொடுத்தாள். பிறகு அக்காவிடம், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள்.

டெய்சி பிள்ளையையும் பார்த்தாள், செடியையும் பார்த்தாள். சித்தர் உத்தரவில்லாமல் பிள்ளை உடம்பில் ஊசி பட்டால் செடி வாடும். செடி வாடினால் பிள்ளை வாடும். அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"அதை நம்புறியாக்கா?" என்று கிளாரா கேட்டாள்.

"நம்பிக்கையெல்லாம் இல்லடி. பயம்" என்றாள் டெய்சி.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் முடிவானது இது: ஆட்டோ பிடித்து முதலில் அகரம், சித்தரிடம் உத்தரவு, அங்கிருந்தே ஆஸ்பத்திரி. இரண்டையும் ஒரே சவாரியில் முடிப்பது ரொனால்டின் கணக்கு. கிளாரா வாதாடவில்லை. வாதாடினால் தோற்றுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். பிளாஸ்க்கில் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை நிரப்பிக்கொண்டாள். கொல்லைப்புறம் போய், தன் சேற்றுத் தொட்டியிலிருந்து ஒரு செடியை வேரோடு பெயர்த்து, பெயிண்ட் டப்பாவில் வைத்து எடுத்து வந்தாள்.

ரொனால்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மைத்துனிக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது. தன் செடிக்கும் மணம் ஏற்றக் கொண்டுவருகிறாள். அவரே அந்த டப்பாவுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

தோப்பில் கூட்டம் நானூறு பேருக்குக் குறையாது. மடியில் பிள்ளை, இடுப்பில் தொட்டி. சில பெண்கள் பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியைத் தாங்களே வைத்திருந்தார்கள். ஆண்பிள்ளை கையில் இலை ஒடிந்துவிட்டால் யார் பதில் சொல்வது? இளநீர், பஜ்ஜி, ஐஸ், பச்சை நூல், 'இலைத்தாய் பாமாலை' ஒலிநாடா எல்லாம் விற்றன. யோசனை ஒன்றுதான் விற்கவில்லை, வாங்க ஆளில்லை.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றதும் வரிசையில் முன்னே விட்டார்கள். மனிதர்கள் நல்லவர்கள்தான்.

சித்தர் முதலில் டெய்சியின் தொட்டியைப் பார்த்தார். பெரிய திருப்தி. இலை எவ்வளவு உயரம் என்று ரொனால்டிடம் கேட்டு, அவர் தசமப் புள்ளியோடு சொன்னதும் கண்ணை மூடித் தலையாட்டினார். பித்தளைச் செம்பிலிருந்த எண்ணெயில் மயிலிறகை முக்கி இலைகளை மேலிருந்து கீழாக வருடினார். குப்பென்று மணம். முன்வரிசை கையெடுத்துக் கும்பிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தீட்டுக் கழிகிறது. மூன்று நாள் தொட்டித் தண்ணீரை இரண்டு கரண்டியாக்கு, ஊசி கீசி வேண்டாம் என்று உத்தரவானது.

டெய்சியின் முகம் வெளுத்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ரொனால்டு மனைவியைப் பார்க்காமல் தலையாட்டினார்.

அடுத்தது கிளாரா. டப்பாவை நீட்டினாள். நானூறு பேர் பார்க்கிறார்கள். கல்லூரியில் செய்முறைத் தேர்வில் 'இந்தத் தாவரத்தை அடையாளம் காண்க' என்று வைத்தபோதுகூட இத்தனை பேர் சுற்றி நிற்கவில்லை. ஆனால் இன்று தேர்வு எழுதுவது அவளல்ல.

சித்தர் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் மணக்கவில்லை. மறுபடி மோந்தார். நெற்றி சுருங்கியது. எவனோ பக்கத்தில் கடை போட்டுவிட்டான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். வீட்டில் வளர்த்தது என்று கிளாரா முணுமுணுத்தாள். அவ்வளவுதான், சித்தர் டப்பாவை உயரத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"எல்லாரும் பாத்துக்கங்க. இதுதான் போலி. மணமும் கெடையாது, சக்தியும் கெடையாது. கம்மாயில மொளைக்கிற வெறும் புல்லு. கண்டவன்கிட்டயும் வாங்காதீகன்னு சொன்னனா இல்லையா?"

சொன்னீர்கள் சாமி என்றது கூட்டம்.

கிளாரா அன்றைக்கு அந்தத் தோப்பில் எல்லாருக்கும் கேட்கப் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"அப்ப இதக் கிள்ளலாமுங்களா?"

"தாராளமாக் கிள்ளு தாயி. புல்லக் கிள்ளுனா யாருக்கு வலிக்கப்போகுது" என்றார் சித்தர். கூட்டம் சிரித்தது.

கிளாரா ஒரு இலையை அடியோடு கிள்ளினாள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். கையை விரித்து முன்வரிசையின் முன்னால் நீட்டிக்கொண்டு மெல்ல நடந்தாள்.

செம்பு எண்ணெய்போல மேலோடு நிற்கிற மணம் அல்ல அது. பச்சை மணம். ஆரஞ்சுத் தோலும் சுக்கும் சேர்ந்தாற்போல் மூக்கில் ஏறி நெற்றியில் நின்றது. அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணும் தன் பிள்ளையின் மணிக்கட்டில் மோந்திருந்த மணம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் மூக்காயி, அந்த ஊர்க்காரி, காட்டுவேலைக்குப் போகிறவள். மடியில் மகள் பிள்ளை, காலடியில் சித்தர் கொடுத்த தொட்டி. கிளாராவின் கையைப் பிடித்து இழுத்து மோந்தாள். தன்னை மறந்தாள்.

"ஏ ஆத்தி, வசம்புல்ல இது" என்றாள்.

பெயர் சொல்லியாகிவிட்டது. நானூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள். தென்னை மரம் விழவில்லை. ஐஸ்காரன் மணியடித்தான்.

வாங்கியவர்கள் மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. சாமி எதைப் புல் என்றாரோ அது வசம்பு. அப்படியானால் சாமி கொடுத்தது எது? எல்லாரும் தங்கள் இடுப்பில் இருந்ததைக் குனிந்து பார்த்தார்கள். பார்க்கத்தான் பார்த்தார்கள். கிள்ள ஒருவருக்கும் கை வரவில்லை. சித்தர் அதை அறிந்தவர். இது செப்படி வித்தை, அந்தப் பெண் கையில் ஏதோ தடவிக்கொண்டு வந்திருக்கிறாள், உங்கள் இலையைக் கிள்ளி உங்கள் பிள்ளையை நோகடித்துவிடாதீர்கள் என்று குரலை உயர்த்தினார்.

கிளாரா அக்காவைப் பார்த்தாள். அவளால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை அவளுடையதல்ல.

டெய்சி ஸ்டெபியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிள்ளையின் உதடு காய்ந்திருந்தது. கண் குழிவிழுந்திருந்தது. ரொனால்டு ஏந்தி நின்ற தொட்டியில் இலை மட்டும் பளபளவென்று, கொழுகொழுவென்று நின்றது. டெய்சி அதையே சிறிது நேரம் பார்த்தாள். அப்புறம் வலது கையால் பிள்ளையின் முதுகைத் தடவியபடி, இடது கையால் நடு இலையைப் பிடித்து ஒடித்தாள்.

கணக்கு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்டெபி அழவில்லை. துள்ளவில்லை. சித்தியின் தாவணி முனை கைக்கு எட்டியது. அதை இழுத்து வாயில் வைத்துச் சப்பியது.

டெய்சி ஒடித்த இலையை மூக்கில் வைத்தாள். மேலே எண்ணெய் வாசம். உள்ளே கண்மாய்ச் சேற்று வாசம். ஒடிந்த இடத்தில் இலை பஞ்சு மாதிரி இருந்தது. இட்லியைப் பிட்டால் தெரிகிற ஓட்டைகள், வழவழவென்று வெண்டைக்காய்க் கோழை. அதை ரொனால்டின் மூக்கில் வைத்தாள். அவர் கண்ணைத் திறந்து, இரண்டு தடவை மோந்தார். சரிபார்க்கிற பழக்கம் அப்போதுதான் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு தோப்பில் சடக் சடக்கென்று ஒரே சத்தம். நானூறு பேர் கிள்ளினார்கள். பால் குடித்த பிள்ளைகள் பால் குடித்தன. தூங்கிய பிள்ளைகள் தூங்கின. அழுத ஒன்றிரண்டும் வெயிலுக்குத்தான் அழுதன.

மூக்காயி தன் இலையை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "இது சம்புக் கோரைதேன். தையில நம்ம கம்மாயில நின்னு நாந்தேன் புடுங்கினேன். சம்பு புடுங்கக் கூலி பேசி எடுத்தவரு இவருதேன். தாடி மட்டும் அப்ப இல்ல. நல்லுசாமி."

அப்படியானால் தொட்டியை வாங்கும்போதே தெரியவில்லையா என்று பக்கத்திலிருந்தவர்கள் பாய்ந்தார்கள்.

"பாத்ததும் தெரிஞ்சுச்சுய்யா. இம்புட்டுப் படிச்சவக வந்து கும்புடுறாக. நமக்குத்தேன் கண்ணு சரியில்லையோன்னு வாங்கிட்டேன்" என்றாள் மூக்காயி.

படித்தவர்கள் கீழே பார்த்தார்கள். ரொனால்டு ரொம்பக் கீழே பார்த்தார்.

கண்மாயில் பாசனம் செய்கிற தங்கமுத்து என்ற விவசாயி மீதியைச் சொன்னார். சம்பு மண்டிக் கண்மாய் அடைத்துக்கொண்டது. அதைப் பிடுங்க நல்லுசாமிக்குக் கூலி பேசிக் கொடுத்தார்கள். பிடுங்கியதைக் கொட்ட இடமில்லை என்று ஒரு வாரம் புலம்பினார். பிறகு புலம்பலை நிறுத்திவிட்டார். பிளாஸ்டிக் தொட்டிகள் லாரியில் வந்து இறங்கின. சம்பு சாக்கடையில் போட்டாலும் வாடாது, கொல்லையில் எறிந்தாலும் முளைக்கும். நானூறு வீட்டில் நானூறு இலையும் செழித்ததற்குக் காரணம் சக்தியல்ல, களை. களையெடுக்கவும் கூலி, களையை விற்கவும் காசு. மணத்துக்கு மட்டும் மருந்துக் கடை வசம்பு எண்ணெயில் கொஞ்சம் முதல் போட்டிருந்தார்.

நல்லுசாமி எழுந்து நின்றார். முகத்தில் வெட்கமில்லை, நியாயமான வருத்தம் இருந்தது. "ஏப்பா, நான் என்னைக்காச்சும் இதுதான் அதுன்னு பேர் சொல்லி வித்தேனா? ஒருத்தராச்சும் கேட்டீகளா?" என்றார்.

அந்தத் தோப்பில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அவரை என்ன செய்வது என்று கூட்டம் தகராறு பண்ணிக்கொண்டிருந்தபோது டெய்சி ஆட்டோவில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் கிளாரா பிளாஸ்க் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். ஸ்டெபி குடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, என்ன தண்ணீர் கொடுத்தீர்கள் என்று கேட்டார். ரொனால்டு வாத்தியார் எழுந்து நின்று, பரீட்சையில் பிட் அடித்த பையனைப் போல எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டர் அம்மா அவர் என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்தார். தெரிந்துகொண்ட பிறகு அவரைத் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, கணக்கு வாத்தியார் சொல்வதை நீயும் ஒருதரம் கேட்டுவிட்டுப் போ என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

உப்புச் சர்க்கரைத் தண்ணீரை விடாமல் கொடுத்ததுதான் பிள்ளையைப் பிடித்து நிறுத்தியது என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் ஸ்டெபி வீட்டுக்கு வந்து, கூடத்தில் தவழ்ந்து, செருப்பை எடுத்துக் கடித்தது. ஒருவரும் தடுக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிறகு கிளாராதான் பிடுங்கினாள்.

அகரத்தில் நல்லுசாமியை யாரும் அடிக்கவில்லை. கோபத்தில் ஜனங்கள் தொட்டிகளை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சம்பு அங்கேயும் வேர் பிடித்தது. தங்கமுத்தும் மற்ற விவசாயிகளும் நல்லுசாமியை வாய்க்காலில் இறக்கி, ஒரு வேர் பாக்கியில்லாமல் பிடுங்கச் சொன்னார்கள். இந்தத் தடவை கூலி கிடையாது. மூக்காயி கரையில் நின்று, விட்டுப்போனதை எல்லாம் விரல் நீட்டிக் காட்டினாள்.

இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஆனி பிறந்ததும் நாகல் நகர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். அசல் செடி இங்கேதான் இருக்கிறதாமே என்றார்கள். ரொனால்டுக்கு முகம் மலர்ந்தது. 'அசல்' என்று ஒரு பலகை எழுதி மாட்டலாமா என்று மைத்துனியிடம் கேட்டே விட்டார். கிளாரா அவரை நேராகப் பார்த்தாள். அப்படி அவள் யாரையும் பார்த்ததில்லை.

"அத்தான், இது நெசமான வசம்புதான். ஆனா இதுக்கும் ஸ்டெபியைத் தெரியாது" என்றாள்.

ரொனால்டு பலகையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

வந்தவர்களில் முதலில் நின்றவள் அடுத்த தெரு சிவனம்மாள். கிளாரா அவளைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய்க் காட்டினாள். கடையில் வாங்கிய காய்ந்த வசம்பு முளைக்காது. கணுவில் முளை இருக்கிற பச்சைக் கிழங்குத் துண்டுதான் வேண்டும். சேற்றில் படுக்கப் போட்டு, முளை மட்டும் தெரியும்படி அமுக்கி, இரண்டு விரல்கடை தண்ணீர் நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு. அந்தத் தண்ணீரையும் சரி, கிழங்கையும் சரி, கைப்பிள்ளை வாயில் வைக்கக் கூடாது. பத்து மாதத்தில் கிழங்கு முற்றும். வாசமாக இருக்கும், பீரோவில் போட்டால் பூச்சி அண்டாது. அவ்வளவுதான்.

கிளாரா வாழ்நாளில் ஒரே மூச்சில் இத்தனை பேசியதில்லை. சிவனம்மாள் கவனமாகக் கேட்டாள். கிழங்குத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எந்தக் கெழமை நடணும்மா?"

"உங்களுக்கு வேலையில்லாத கெழமை."

"எந்தத் தெசையப் பாத்து?"

"தொட்டி ஒழுகாத எந்தத் தெசையும் சரிதான்க்கா."

"பிள்ளைக்குக் காச்சல் கீச்சல் வந்தா இத என்ன செய்யணும்?"

"இத ஒண்ணும் செய்ய வேண்டாம். பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சிவனம்மாள் ஏமாற்றத்தோடு வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்தவர்கள் என்ன ஆச்சு என்று சூழ்ந்துகொண்டார்கள்.

"பொண்ணு வெவரமான பொண்ணுதான். ஆனா சக்தி பத்தாது" என்றாள்.

உண்மைதான், சக்தி பத்தவில்லை. எங்கே பத்தவில்லை என்பதை அவரவர் கழுத்துக்கு மேலே தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதைத் தொடக் கூடாதென்று இதுவரை எந்தச் சாமியும் பலகை மாட்டவில்லை. மாட்டுவதற்குள் ஒருதரம் தொட்டுவிடுங்கள்.